தளவாயின் ஊர் வழியே: ஆரல்வாய்மொழி முதல் சாமித்தோப்பு வரை

ஜூன் 13, வெள்ளி. ஆரல்வாய்மொழி

காவல்கிணறு தாண்டியதும் காற்று பிடித்துக்கொண்டது. முப்பந்தல் காற்றாலைகள் ஒன்றுவிடாமல் சுற்றிக்கொண்டிருந்தன. ஆரல்வாய்மொழியை நெருங்கும்போது பேருந்தின் அடியில் ஏதோ கடகடவென்று இழுபட்டது. ஓட்டுநர் ஓரங்கட்டிவிட்டார். கிளட்ச் போய்விட்டதாம். நடத்துநர் நல்ல மனிதர். பின்னால் வந்த வண்டிகளை ஒவ்வொன்றாக மறித்து, வயதானவர்களையும் கைக்குழந்தைக்காரிகளையும் முதலில் ஏற்றிவிட்டார். மற்றவர்கள் காத்திருந்தோம். குடையை விரித்த நொடியில் கம்பி மடங்கிவிட்டது.

எதிரே ஒரு தேநீர்க் கடை. தேநீர் 12 ரூபாய், ரசவடை 10. வடை ரசத்தில் நன்றாக ஊறி, மிளகு வாசனையோடு இருந்தது. “என்ன காத்து!” என்றேன். கடைக்காரர் பெரியவர். “இதெல்லாம் ஒரு காத்தா மக்களே? ஆடியில வந்து பாருங்க” என்றார். அப்புறம் பெஞ்சில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த இன்னொரு பெரியவர், நான் கேட்காமலே மலையடிவாரத்தைக் காட்டிச் சொன்னார்: “வெள்ளைக்காரன் திருவிதாங்கூருக்குள்ள ஏறினது இந்த வழியாத்தான். அந்தால பழைய கோட்டைச் சுவரு கெடக்கு. தளவாய்க்க ஆளுக அங்கதான் நின்னு பாத்தாங்க.”

வேலுத்தம்பி தளவாய், அதாவது திருவிதாங்கூரின் தலைமை அமைச்சராக இருந்தவர். பெயர் தெரியும். கேரள வரலாற்றில் வருகிற ஒரு வீரர் என்ற அளவில்தான் தெரியும். அவர் தோற்ற இடத்தில் நின்று வடை தின்றுகொண்டிருக்கிறோம் என்பது அந்தப் பெரியவர் சொன்னபோதுதான் உறைத்தது. கடலையும் சுசீந்திரத்தையும் பார்த்துவிட்டு ஊர் திரும்புவதாக இருந்த பயணம் அங்கேயே திசை மாறிவிட்டது.

சுவரின் மிச்சத்தைப் போய்ப் பார்த்தேன். கருங்கல்லும் மண்ணும், மேலே முள்ளுச்செடி. மலைக்கும் கடலுக்கும் இடையே உள்ள வாசலை அடைத்துக் கட்டிய அரண்வரிசை இது. 1809 பிப்ரவரியில் கர்னல் செயின்ட் லெஜர் தலைமையில் கும்பினிப் படை, அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை, நெல்லைச் சீமையிலிருந்து வந்து இதன் முன்னால் முகாமிட்டது. நேராக மோதினால் நடக்காது என்று தெரிந்ததும் மேஜர் வெல்ஷ் என்பவர் ஒரு பிரிவை அழைத்துக்கொண்டு இரவோடு இரவாகத் தென்பக்கத்துக் குன்றில் ஏறினார். பிப்ரவரி 10 விடியும்போது மேட்டில் இருந்த காவலரண் அவர்கள் கையில். மேலேயிருந்து சுடத் தொடங்கியதும் கீழே நின்றவர்களால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அந்த ஒரு காலைப்பொழுதில் திருவிதாங்கூரின் தெற்கு வாசல் திறந்துவிட்டது. அந்தக் குன்றை அண்ணாந்து பார்த்தால் பகலிலேயே கால் வைக்க யோசிக்கத் தோன்றும். பாறையும் உடைமுள்ளும்.

மாற்று வண்டி வருவதற்குள் வெயிலும் சாரலும் மாறிமாறி வந்துவிட்டன. தோவாளையில் வண்டி நின்றபோது ஜன்னல் வழியாகவே 100 கிராம் பிச்சிப்பூ வாங்கினேன், 60 ரூபாய். நாகர்கோவில் வடசேரியில் அத்தை வீட்டை அடைந்தபோது மணி ஏழு. கருப்பட்டிக் காப்பி, முந்திரிக்கொத்து. மாமா வருவாய்த்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். தளவாய் பேச்சை எடுத்ததும் டிவியை நிறுத்திவிட்டார். “நாளைக்குத் தலக்குளம் போவோம்” என்றார். அத்தைக்கு அவ்வளவு சம்மதமில்லை. மழைக்காலம் என்றார்.

ஜூன் 14, சனி. தலக்குளம்

அத்தை சொன்னது சரி. விடியற்காலையிலிருந்து மழை. திங்கள்சந்தை வரை பேருந்து, அங்கிருந்து ஆட்டோ. 250 ரூபாய் கேட்டார், மாமா பேசி 180 ஆக்கினார். இறங்கும்போது அந்தத் தம்பி தன் குடையை எங்களிடமே கொடுத்துவிட்டு, திரும்பும்போது கூப்பிடச் சொல்லிப் போனார்.

தலக்குளம் மரங்களுக்குள் இருக்கிற ஊர். தென்னை, பலா, அயனி, வேலியோரம் நல்லமிளகுக் கொடி. வீட்டுக்கு வீடு சக்கைப் பழ வாசனை. வேலாயுதன் செண்பகராமன் தம்பி 1765 மே 6 அன்று இங்கே பிறந்தார். பிறந்த வீட்டைத் தேடிப் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: 1809-ல் அவர் இறந்த பிறகு வலியவீட்டை இடித்துத் தரைமட்டமாக்கி, அந்த இடத்தில் வாழையும் ஆமணக்கும் நட்டார்கள். ஒரு மனிதரைத் தோற்கடித்தது போதாமல் அவர் பிறந்த திண்ணையையும் இல்லாமல் ஆக்கவேண்டும் என்று தோன்றியிருக்கிறது.

ஒரு வீட்டுத் திண்ணையில் மழைக்கு ஒதுங்கினோம். வீட்டம்மா எங்களை யார் என்றே கேட்கவில்லை. உள்ளே கூப்பிட்டு, அவித்த மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் வைத்தார். குடம்புளி போட்ட கறி, தேங்காய் அரைத்த சிவப்பு. காசு கொடுக்கப் போனேன். “சாப்பிட்டதுக்குக் காசு வாங்க இது ஓட்டலா?” என்று கோபித்துக்கொண்டார். அவருடைய மாமனார், எண்பதைத் தாண்டியவர், தாழ்வாரத்துக் கட்டிலில் இருந்தபடி தளவாயைப் பற்றி இந்தப் பக்கத்தில் சொல்லும் கதையைச் சொன்னார். தளவாயின் சொந்தத் தாயே நிலக்கணக்கில் கைவைத்தாராம். தெரிந்ததும் தாயின் விரலை வெட்டச் சொன்னாராம். “பெத்த தள்ளைக்கே அந்த சிட்சைன்னா, மத்தவனுக்குப் பயம் வராதா?” என்று கேட்டார். வாய்வழிக் கதைதான். ஆனால் 200 வருஷத்துக்கு மேல் ஒரு நிர்வாகியைப் பற்றி இப்படி ஒரு கதை நிற்கிறது என்றால், ஜனங்கள் அவரைக் கண்டு எவ்வளவு நடுங்கினார்கள், எவ்வளவு நம்பினார்கள் என்று இரண்டும் அதில் தெரிகிறது.

கதை இல்லாமல் நடந்ததைச் சொல்கிறேன். 1798-ல் பாலராம வர்மா பட்டத்துக்கு வந்தபோது பதினாறு வயதுதான். ஆட்சி ஜயந்தன் சங்கரன் நம்பூதிரி, சங்கரநாராயணன் செட்டி, மாத்து தரகன் என்ற மூன்று பேர் கைக்குப் போனது. கஜானா காலி. வசதி உள்ளவர்களின் பட்டியல் போட்டு, ஆளுக்கு இவ்வளவு என்று கட்டாயமாகப் பணம் பிடுங்கினார்கள். காரியக்காரராக, இன்றைய கணக்கில் தாசில்தாராக, இருந்த வேலுத்தம்பியையும் கூப்பிட்டு 3,000 ரூபாய் கேட்டார்கள். மூன்று நாள் தவணை வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தவர், பணத்தைத் திரட்டவில்லை, ஆட்களைத் திரட்டினார்.

நாஞ்சில் நாட்டாருக்கு அது புதிதல்ல. வரி தாங்கவில்லை என்றால் ஊர் ஊராகக் கூடி, கொடுப்பதில்லை என்று முடிவெடுக்கும் பழக்கம் அவர்களுக்கு அதற்கு வெகுகாலம் முன்பே உண்டு. 1799-ல் பெருங்கூட்டம் திருவனந்தபுரத்துக்கு நடந்தது. கேட்டதும் தெளிவாகக் கேட்டார்கள். நம்பூதிரியை நாடு கடத்த வேண்டும், மற்ற இருவரையும் தண்டிக்க வேண்டும், உப்பு வரியை எடுக்க வேண்டும். ராஜா ஒத்துக்கொண்டார். செட்டிக்கும் தரகனுக்கும் காதை அறுத்தார்கள். அந்தக் கூட்டத்தின் தோளில் ஏறி வந்தவர்தான் வேலுத்தம்பி. கொஞ்ச காலம் வணிகப் பொறுப்பு, பிறகு 1802-ல் தளவாய். மன்னருக்கு அடுத்தபடி முழு அரசாங்கமும் அவர் கையில்.

மழை விட்டபிறகு சேற்றில் ஒரு சுற்று நடந்தோம். அந்த ஆட்டோத் தம்பி கூப்பிட்டவுடன் வந்தார். திரும்பும் வழியில் இரணியல் அரண்மனைப் பக்கம் நிறுத்தச் சொல்ல ஆசை. ஆனால் எனக்குக் காய்ச்சல் போல உடம்பு கனத்தது. அத்தை சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசவில்லை.

ஜூன் 15, ஞாயிறு. பத்மநாபபுரம், உதயகிரி

காய்ச்சல் இல்லை. நல்ல வெயில். தக்கலையில் இறங்கி அரண்மனைக்குப் போனோம். தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறைதான் பராமரிக்கிறது. வழிகாட்டியாக நின்ற பெண் மலையாளமும் தமிழும் கலந்து பேசினார். ஒவ்வொரு அறையிலும் கூட்டம் முழுக்க வந்து சேரும்வரை காத்திருந்து, பின்னால் வருகிற ஒரு பாட்டிக்காகத் திரும்பவும் முதலிலிருந்து சொன்னார்.

மன்னரின் ஆலோசனை மண்டபமான மந்திரசாலையில் கொஞ்ச நேரம் நின்றேன். மரச்சட்டங்களின் வண்ண மைக்காத் தகடு வழியாக வெளிச்சம் வடிகட்டி விழுகிறது. கருப்பாகப் பளபளக்கும் தரை, சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்தது. வெளியே அவ்வளவு புழுக்கம், உள்ளே கால் குளிர்ந்தது. அரசவை 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டதால், தளவாய் ஆட்சி செய்த இடம் இது அல்ல. ஆனாலும் அவர் தலையில் இருந்த பாரத்தை எனக்கு இந்த அறையில்தான் யோசிக்கத் தோன்றியது.

ஆட்சிக்கு வந்ததும் கணக்குகளைச் சீர்படுத்தினார். கையூட்டு வாங்கியவர்களுக்குக் கசையடி, காதறுப்பு. சாலைகள் போட்டார், கொல்லத்தை வளர்த்தார், சங்கனாசேரியில் சந்தை நிறுவினார். ஆனால் இந்த அரசின் கழுத்தில் ஏற்கனவே ஒரு கயிறு இருந்தது. திப்புவுக்குப் பயந்து 1795-ல் கும்பினியோடு செய்துகொண்ட உடன்படிக்கை. கும்பினிப் படை பாதுகாப்புத் தரும், திருவிதாங்கூர் பணம் தரும். பணத்தை வாங்கவும் நடப்பதைக் கண்காணிக்கவும் கர்னல் காலின் மெக்காலே ரெசிடெண்டாக, அதாவது கும்பினியின் பிரதிநிதியாக, வந்து உட்கார்ந்தார். நம் பள்ளிக்கூடப் பாடத்தில் வரும் மெக்காலேயின் பெரியப்பா சித்தப்பா வரிசையில் உள்ளவர்.

செலவைக் குறைக்க 1804-ல் தளவாய் சொந்த நாட்டு நாயர் படையின் படியைக் குறைத்தார். படை கலகம் செய்தது. தளவாய் கொச்சிக்கு ஓடி மெக்காலேயிடம் உதவி கேட்டார். கும்பினிப் படையைக் கொண்டு கலகத்தை அடக்கினார். கிருஷ்ணப் பிள்ளை என்ற படைத்தலைவரின் கால்களை இரண்டு யானைகளோடு கட்டிக் கிழித்தார்கள். தளவாயின் வீரத்தைச் சொல்கிறவர்கள் இந்த யானைகளைச் சொல்லாமல் விடக்கூடாது. ஐந்து வருஷத்துக்கு முன் வரி தாங்காமல் எழுந்தவர்களின் முன்னால் நடந்த மனிதர்தான் இதையும் செய்தார்.

அந்த உதவிக்கு விலை 1805 ஜனவரியில் வந்தது. புதிய உடன்படிக்கை. வருஷத்துக்கு 8 லட்சம் ரூபாய். பணம் வராவிட்டால் நிர்வாகத்தையே கும்பினி எடுத்துக்கொள்ளலாம், கும்பினி சொல்லும் ஆலோசனைக்கு மகாராஜா செவிசாய்க்க வேண்டும். தளவாய்தான் ராஜாவிடம் எடுத்துச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார் என்ற வசவு அவரைக் கடைசிவரை விடவில்லை. பாக்கி ஏறியது. மெக்காலே நெருக்கினார்.

ஊட்டுப்புரையின், அதாவது சாப்பாட்டு மண்டபத்தின், நீளமான கூடத்தில் உட்கார்ந்து மாமா சொன்னார்: “நான் கிஸ்தி வசூல் பண்ணினவன் மக்கா. நடுவுல இருக்கவன்தான் மாட்டிக்கிடுவான். மேல உள்ளவன் தொகையைக் கேப்பான், மழை பெஞ்சுதான்னு கேக்கமாட்டான். கீழ உள்ளவன் நம்ம மூஞ்சியைத்தான் பாப்பான், மேல எவன் இருக்கான்னு பாக்கமாட்டான்.” தளவாயைப் பற்றி நான் கேட்டவற்றில் இதுதான் சரியான பேச்சு என்று நினைக்கிறேன். 1799-ல் அவரிடம் 3,000 கேட்டார்கள், மறுத்தார். 1805-க்குப் பிறகு அவரே 8 லட்சத்துக்காக நாட்டைப் பிழிய வேண்டிய இடத்தில் இருந்தார். அந்நிய ஆதிக்கத்தின் கீழ் அரசாங்கத் தலைமை என்பது வேறு எப்படியும் இருக்க முடியாது. அதிகாரம் மேலே, கெட்ட பெயர் இங்கே.

மதியம் தக்கலையில் சாப்பாடு. 120 ரூபாய். சம்பா அரிசிச் சோறு, உள்ளித் தீயல், அவியல், புளிசேரி. தீயலுக்கு மட்டும் இரண்டாவது தடவை கேட்டேன். பரிமாறியவர் ஒரு கரண்டிக்குப் பதில் கிண்ணத்தையே வைத்துவிட்டுப் போனார்.

புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. 1741-ல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாய், பிறகு இங்கேயே தங்கித் திருவிதாங்கூர் படையைப் பயிற்றுவித்துப் பெரிதாக்கினார். கூரையில்லாத சிற்றாலயத்துக்குள் அவர் கல்லறை இருக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும். அவர் கட்டிய மதில் இன்னும் கம்பீரமாக நிற்கிறது. ஆனால் 1809-ல் இந்த மதிலுக்குப் பின்னால் யாரும் நின்று சண்டையிடவில்லை. ஆரல்வாய்மொழி விழுந்து, நாகர்கோவில், கோட்டாறு பக்கம் நடந்த மோதலும் முடிந்தபிறகு, உதயகிரியும் பத்மநாபபுரமும் எதிர்ப்பில்லாமல் கும்பினி கைக்குப் போயின. படியைக் குறைத்து, படையைக் கலைத்து, தலைவனை யானைக்குக் கொடுத்த அரசுக்காக எத்தனை பேர் உயிரைக் கொடுப்பார்கள்? அப்படியும் நிறையப் பேர் கொடுத்தார்கள் என்பதுதான் என்னை உலுக்கியது.

நான்கு மணிக்கு மீண்டும் மழை. கோட்டை மரங்களின் கீழ் ஒதுங்கிய கல்லூரிப் பிள்ளைகள் தங்கள் பிளாஸ்டிக் விரிப்பை எங்கள் தலைக்கும் சேர்த்துப் பிடித்தார்கள்.

ஜூன் 16, திங்கள். வட்டக்கோட்டை, புத்தளம், சாமித்தோப்பு

அத்தையும் கிளம்பிவிட்டார். வட்டக்கோட்டையைப் பார்த்து இருபது வருஷம் ஆயிற்றாம். ஆரல்வாய்மொழியிலிருந்து கிளம்பும் அரண்வரிசை கடலைத் தொடும் முனை இது. அலை மதிலின் அடியில் வந்து அடிக்கிறது. மேலே நின்றால் வடக்கே மலை தெரிகிறது. மலைக்கும் கடலுக்கும் இடையே இத்தனை அகலம்தான், இதைப் பிடித்தால் நாட்டைப் பிடித்த மாதிரி என்று அங்கே நின்றால் வரைபடம் இல்லாமலே விளங்குகிறது.

வயல்களில் கன்னிப்பூப் பருவத்து நெல் பச்சையாக நின்றது. போர் நடந்த பிப்ரவரி அடுத்த நெற்பருவமான கும்பப்பூவின் அறுவடை நெருங்குகிற காலம். இரண்டு படைகளும் எந்த வரப்பில் நடந்தனவோ!

புத்தளம் உப்பளத்தில் சாரல் விழுந்ததால் வேலை நடக்கவில்லை. உப்புக் குவியல்களை ஓலையும் தார்ப்பாயும் போட்டு மூடியிருந்தார்கள். ஒரு பாத்தியில் இறங்கிப் பார்த்தேன். ஓரத்தில் படிந்திருந்த உப்பு மழைத்தண்ணீரில் மெல்லக் கரைந்து, பளிங்கு போல இருந்த முனைகள் மழுங்கிக்கொண்டிருந்தன. விரலில் ஒட்டியதை நக்கினேன். கசப்பும் சேர்ந்த உப்பு. காவலாளி சிரித்துக்கொண்டே ஒரு பொட்டலம் கல்லுப்பு கட்டிக் கொடுத்தார்.

தளவாயின் கடைசி அறிக்கையிலும் இந்த உப்பு உண்டு. 1808 டிசம்பர் 28 இரவு, கொச்சியின் தலைமை அமைச்சர் பாலியத்து அச்சனோடு சேர்ந்து மெக்காலேயின் மாளிகையைத் தாக்கினார்கள். மெக்காலே தப்பிக் கப்பலேறிவிட்டார். ஆலப்புழைப் பக்கம் கரையிறங்கிய கும்பினிச் சிப்பாய்களைப் பிடித்துக் கொன்றார்கள், அதுவும் நடந்தது. 1809 ஜனவரியில் குண்டறையிலிருந்து தளவாய் நாட்டு மக்களுக்கு அறிக்கை விட்டார். வெள்ளையரை விட்டால் உப்பு முதல் எல்லாவற்றையும் தங்கள் குத்தகையாக்குவார்கள், நிலத்தையும் வீட்டுமனையையும் அளந்து வரி போடுவார்கள், தென்னைக்கும் தாங்காத வரி வரும் என்று எச்சரித்தார். அவர் சொன்ன திசையில்தான் பிறகு காலம் போனது.

ஆனால் அதே அறிக்கை, சாதி வரம்பு குலைந்துவிடும் என்றும் பயமுறுத்தியது. இதை நான் அய்யாவழிக்காரர்களின் தலைமை வழிபாட்டிடமான சாமித்தோப்புப் பதிக்கு வெளியே ஒரு காப்பிக் கடையில் மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, கடைக்கார அம்மா அடுப்பிலிருந்து திரும்பினார். “எங்க ஆளுகளுக்கு ராசாவும் வெள்ளைக்காரனும் ஒண்ணுதான் பிள்ளே. மேல சீலை போட உட்டானுவளா? பனைக்கும் வரி, தலைக்கும் வரி. அவிய சண்டையில எங்களுக்கு என்ன?” அய்யாவழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டர் பிறந்தது அதே 1809-ல், இதே ஊரில். அவர் திருவிதாங்கூர் அரசைக் கலிநீசன் என்றும் வெள்ளையரை வெண்ணீசன் என்றும் சேர்த்தே சொன்னார். மேலாடை உரிமை எல்லா நாடார் பெண்களுக்கும் வர 1859 ஆயிற்று. தளவாயை மதிக்கிற நான் அந்த அம்மாவுக்குச் சொல்ல எந்தப் பதிலும் வைத்திருக்கவில்லை. அவர் சொன்னது சரி. காப்பி 15 ரூபாய், கூட ஒரு சீப்பு மட்டிப் பழத்தை 50 ரூபாய்க்குக் கட்டிக் கொடுத்தார்.

மிச்சக் கதை சீக்கிரம் முடிகிறது. கோட்டைகள் விழுந்ததும் ராஜா தளவாயைக் கைவிட்டார். பிடிக்க ஆள் அனுப்பினார்கள். கிளிமானூர் அரண்மனையில் தன் வாளைக் கொடுத்துவிட்டு வடக்கே போனவர், மண்ணடி பகவதி கோயிலில் உயிரை மாய்த்துக்கொண்டார். நாற்பத்து நான்கு வயது முடியவில்லை. உடலைத் திருவனந்தபுரம் கண்ணம்மூலையில் கழுமரத்தில் தொங்கவிட்டார்கள். தம்பி பத்மநாபனைக் கொல்லத்தில் தூக்கிலிட்டார்கள். பிணத்தைத் தொங்கவிட்டதை கவர்னர் ஜெனரல் மின்டோவே கண்டித்தார். பிறகு உம்மிணித் தம்பி திவான். 1811-ல் அவரையும் நீக்கிவிட்டு ரெசிடெண்ட் கர்னல் மன்றோவே திவான் பொறுப்பையும் எடுத்துக்கொண்டார். கப்பம் கேட்பவரும் கப்பம் வசூலித்துக் கொடுப்பவரும் ஒரே ஆள்.

ராத்திரி வண்டிக்கு நாகர்கோவிலில் காத்திருந்தபடி இதை எழுதுகிறேன். அத்தை மண்ணடிக்கும் ஒருமுறை போவோம் என்கிறார். அதற்கு முன் ஒரு வேண்டுகோள். ஆரல்வாய்மொழியில் நான் பார்த்த சுவரருகே 1809 பிப்ரவரி 10 என்று சொல்லும் ஒரு பலகை என் கண்ணில் படவில்லை. அங்கே ஒன்று வைக்க வேண்டும், கிருஷ்ணப் பிள்ளையின் பெயரும் இந்தக் கதையில் சேர வேண்டும். தோவாளை, ஆரல்வாய்மொழி, அஞ்சுகிராமம் பக்கத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் தோட்டத்திலோ வரப்பிலோ அந்த அரண்வரிசையின் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து, இடத்தின் பெயரோடு எழுதுங்கள். காற்று குறைந்தபிறகு, தை மாதத்தில், முழு வரிசையையும் நடந்து பார்க்க மாமாவும் நானும் பேசிவைத்திருக்கிறோம்.